டர்போ டீசல் காரில் நிற்காத புகை: எதையும் கழற்றுவதற்கு முன் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

சைலன்சரில் புகை வருகிறது என்று வண்டியை விட்டால் ஒர்க்ஷாப்பில் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கும். ஒன்று "டர்போ போச்சு", இல்லாவிட்டால் "இன்ஜின் இறக்கணும்". இரண்டுமே சில நேரம் சரிதான். ஆனால் புது டர்போ போட்டு ஒரு மாதத்தில் அதே நீலப் புகை திரும்பி வந்த வண்டிகளும், சிலிண்டரைக் கடையும் போர் வேலை முடித்த பிறகும் புகை குறையாத வண்டிகளும் ஏராளம். டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றி, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பகுதி. அது தானாகக் கெடுவது குறைவு. எண்ணெய் போதாமல் கெடும், போன எண்ணெய் கீழே இறங்க வழியில்லாமல் கக்கும், காற்றுக் குழாய் வழியாகத் தூசியோ துண்டோ புகுந்து உடையும். அந்தக் காரணம் அப்படியே இருக்க டர்போவை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில்தான் போகும். அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை செலவில்லாத சோதனையில் தொடங்கி, இன்ஜினைத் திறக்கும் சோதனையில் முடிகிறது. வழிகாட்டியே சொல்லும் இடம் தவிர வரிசையைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

எண்கள் தேவைப்படும் இடங்களில் 1,248 சிசி டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்கிறோம். ஃபியட் வடிவமைத்தது; 2007-இல் ஸ்விஃப்டில் வந்து, பிறகு டிசையர், ரிட்ஸ், எர்டிகா, இண்டிகா விஸ்டா, புன்டோ, லினியா என்று பல பெயர்களில் ஓடியது. நம் ஊர் டாக்ஸி ஸ்டாண்டுகளில் நிற்கும் டீசல் கார்களில் கணிசமானவை இதுதான். பிஎஸ்6 மாசு விதி வந்த 2020 ஏப்ரலோடு மாருதி டீசலை விட்டுவிட்டதால் அந்த வண்டிகள் எல்லாமே இப்போது புகை பேசும் வயதில் இருக்கின்றன. 75 குதிரைத்திறன் வகையில் சாதாரண டர்போ, 90 குதிரைத்திறன் வகையில் உள்ளே தகடுகள் அசையும் விஜிடி டர்போ. மற்ற டர்போ டீசல்களுக்கும் முறை இதேதான், அளவுகள் மட்டும் மாறும்.

தொடங்கும் முன்: இரண்டு ஆபத்துகள்

டர்போவிலிருந்து எண்ணெய் அதிகமாகக் காற்றுக் குழாய்க்குள் போனால், டீசல் இன்ஜின் அந்த எண்ணெயையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு தானாக ரேஸ் ஆகும். சாவியை அணைத்தாலும் நிற்காது. ஓட்டுநர் இருக்கையில் இருந்தால் பிரேக்கை முழுக்க அழுத்தி, மேல் கியரைப் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டு இன்ஜினை அடக்க வேண்டும். முன்பக்கம் நிற்பவர் ஏர் ஃபில்டர் குழாயின் வாயைக் கெட்டியான பலகையால் மூடலாம். கையாலோ துணியாலோ மூடக் கூடாது, உள்ளே இழுத்துவிடும். நீலப் புகை கடுமையாக இருக்கும் வண்டியை "கொஞ்சம் ரேஸ் பண்ணிப் பார்ப்போம்" என்று முறுக்குவதைத் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டாவது, இன்ஜெக்டர்களுக்கு உயர் அழுத்தத்தில் டீசல் கொண்டுபோகும் காமன் ரெயில் குழாய்கள். ஐடிலிங்கிலேயே அதில் 250 பாருக்குக் குறையாமல் அழுத்தம் இருக்கும், ரேஸ் பண்ணும்போது 1,000 பாரைத் தாண்டும். அந்தக் கால டீசல் வண்டிபோல இன்ஜின் ஓடும்போது நாசில் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழக்கம் இங்கே ஆகாது. ஊசிபோல வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போனால் விரலையே இழக்க நேரும். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம்.

படி 1: டிப் ஸ்டிக்

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜின் அணைந்து பத்து நிமிடம் கழித்து ஆயில் அளவைப் பாருங்கள். இந்த இன்ஜினுக்கு மொத்தமே சுமார் 3 லிட்டர்தான். லாரிக் கணக்கில் "நாலு லிட்டர் டின்னை முழுசா ஊத்தியாச்சு" என்றால் மேல்கோட்டைத் தாண்டி நிற்கும். எண்ணெய் அதிகமானால் கிராங்க் ஷாஃப்ட் அதைக் கடைந்து நுரையாக்கும், இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளிவிடும் பிரீதர் குழாய் வழியாகக் காற்றுப் பாதைக்குள் போய் நீலப் புகையாக வெளியே வரும். டர்போவின் எண்ணெய் இறங்கும் குழாயும் எளிதில் வடியாது. மேல்கோட்டுக்குக் கொண்டுவந்து 200 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். சில வண்டிகளில் கதை இத்தோடு முடிந்துவிடும்.

யாரும் ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் எண்ணெயில் டீசல் கலக்கிறது. ஸ்டிக்கை முகர்ந்தால் டீசல் வாடை, விரலில் தேய்த்தால் தண்ணீர்போல வழுக்கல். காரணம் சொட்டும் இன்ஜெக்டராக இருக்கலாம். டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள பிஎஸ்6 வண்டியில், பிடித்த கரியை எரிக்கும் ரீஜெனரேஷன் நகர ஓட்டத்தில் பாதியிலேயே நின்று நின்று, கூடுதலாகத் தெளித்த டீசல் எண்ணெயில் இறங்கியிருக்கலாம். இப்படி நீர்த்த எண்ணெயோடு வண்டியை ஓட்டுவது டர்போ பேரிங்குக்கு நேரடி விஷம். முதலில் எண்ணெயை மாற்றுங்கள், பிறகு காரணத்தைத் தேடுங்கள்.

அளவு குறைந்திருந்தால் மேல்கோடு வரை ஊற்றிக் கிலோமீட்டரைக் குறித்துவைக்கவும். 1,000 கிலோமீட்டரில் எவ்வளவு குறைகிறது என்ற ஓர் எண் கையில் இருந்தால் பாதிச் சண்டை தீர்ந்தது. 100 மில்லி குறைவது வயதான இன்ஜினுக்கு இயல்பு. அரை லிட்டர் என்றால் எங்கேயோ வழி திறந்திருக்கிறது.

படி 2: நிறம், நேரம், வாடை

நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பதுதான் எல்லாரும் செய்வது. எப்போது வருகிறது என்பது நிறத்தைவிட அதிகம் சொல்லும். காலை முதல் ஸ்டார்ட், பத்து நிமிட ஐடிலிங் முடிந்து கிளம்பும் நேரம், மூன்றாவது கியரில் முழு ஆக்சிலேட்டர், மேட்டில் ஏறும்போது, இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது என்று ஐந்து நிலைகளிலும் பின்னால் ஒருவர் வண்டியில் வந்து கைபேசியில் படம் எடுக்கட்டும். மாலை வெயில் எதிரே இருந்தால் நீலமும் வெள்ளையும் குழம்பும். புகைக்குப் பின்னால் கருமையான மரமோ சுவரோ இருக்கும்படி பார்த்தால் நீலம் தெளிவாகத் தெரியும்.

கறுப்பு என்றால் டீசலுக்குத் தேவையான காற்று கிடைக்கவில்லை, அல்லது காற்றுக்கு மேல் டீசல் போகிறது. நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. காய்ந்த எண்ணெயின் காறல் வாடை தொண்டையில் நிற்கும். வெள்ளையில் இரண்டு வகை. கண்ணை எரிக்கும் வெள்ளை, எரியாமல் ஆவியாகும் டீசல். லேசான இனிப்பு வாடையோடு, அடர்த்தியாக வரும் வெள்ளை, கூலன்ட். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ விடியற்காலையில் வரும் மெல்லிய வெள்ளை வெறும் நீராவி. இன்ஜின் சூடானதும் காணாமல் போகும், அதைத் துரத்த வேண்டாம்.

டிபிஎஃப் உள்ள வண்டிக்கு ஒரு சின்னத் தனிச் சோதனை உண்டு. சைலன்சர் வாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். நல்ல டிபிஎஃப் இருந்தால் துணியில் கரி அநேகமாக ஒட்டாது. மையாக ஒட்டினால் உள்ளே பீங்கான் உடைந்திருக்கிறது, அல்லது பழைய உரிமையாளர் அதைக் குடைந்து எடுத்துவிட்டு வண்டியை விற்றிருக்கிறார்.

படி 3: ஸ்கேனர்

எரர் கோடு மட்டும் பார்த்து அழித்துவிடாமல் லைவ் டேட்டா பார்க்கத் தெரிந்தவரிடம் போங்கள். மலிவான ப்ளூடூத் கருவிகள் பழைய வண்டிகளில் எல்லா எண்களையும் காட்டாது.

சாவி போட்டு, இன்ஜின் ஓடாத நிலையில் மேப் சென்சார் (காற்றுப் பாதையின் அழுத்தத்தை அளப்பது) வளிமண்டல அழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னையில் சுமார் 100 கிலோபாஸ்கல், சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் 78 அளவில். சென்னையில் நின்றுகொண்டு 115 காட்டினால் சென்சாரின் வாய் கரியால் அடைத்திருக்கிறது. கழற்றி சென்சாருக்கான எலக்ட்ரானிக் கிளீனரால் மெதுவாகக் கழுவினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். ஊசி விட்டுக் குத்தினால் சென்சார் போய்விடும்.

அடுத்தது ஏர் ஃப்ளோ சென்சார். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 312 சிசி. சமவெளியில், சூடான இன்ஜின் ஐடிலிங்கில், இஜிஆர் (வெளியேறும் புகையில் ஒரு பங்கை மறுபடி உள்ளே விடும் வால்வு) மூடியிருக்கும்போது ஒரு ஸ்ட்ரோக்குக்கு 300 முதல் 350 மில்லிகிராம் காற்று வர வேண்டும். இஜிஆர் திறந்தால் அது நன்றாகக் குறையும். இஜிஆர் இணைப்பைக் கழற்றியதும் எண் ஏறவில்லை என்றால் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கலாம், அல்லது முதலிலிருந்தே திறக்காமல் இருந்திருக்கலாம், அல்லது சென்சாரே தப்பு. இந்த ஒரு சோதனைக்குக் கருவியைத் தவிரச் செலவே இல்லை.

பிறகு ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) எண்ணைப் பார்க்க வேண்டும். மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து முழு ஆக்சிலேட்டர். கணினி கேட்ட பூஸ்டுக்கும் கிடைத்த பூஸ்டுக்கும் சில நொடிகளில் இடைவெளி அடைபட வேண்டும். கிடைத்தது தொடர்ந்து 20, 30 கிலோபாஸ்கல் குறைவாகவே நின்றால் காற்று எங்கோ ஒழுகுகிறது, அல்லது டர்போ சுற்றவில்லை. கூடவே கறுப்புப் புகையும் இருந்தால் நேராகப் படி 6-க்குப் போகலாம்.

படி 4: நீலப் புகை – எண்ணெய் எந்த இடத்தில் நுழைகிறது?

அதிகம் பணம் வீணாவது இங்கேதான், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

டர்போவின் ஷாஃப்ட் சின்ன இன்ஜின்களில் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை போகும். அதைத் தாங்குவது பந்து பேரிங் அல்ல, மெல்லிய எண்ணெய்ப் படலம். இரண்டு முனைகளிலும் எண்ணெயைத் தடுப்பது ரப்பர் சீல் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இருப்பது பிஸ்டன் ரிங் போன்ற சின்ன இரும்பு வளையம். சக்கரங்களின் பின்னால் இருக்கும் காற்றழுத்தமும், எண்ணெய் தடையின்றிக் கீழே வடிவதும் சேர்ந்துதான் அது எண்ணெயைத் தடுக்கிறது. வடியும் குழாய் அடைத்தாலோ, இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்புக்குள் அழுத்தம் கூடினாலோ, ஏர் ஃபில்டர் அடைத்து, காற்றைத் தள்ளும் கம்ப்ரசர் பக்கம் உறிஞ்சல் ஏற்பட்டாலோ, பழுதே இல்லாத டர்போகூட எண்ணெயைக் கக்கும். அதைக் கழற்றிப் பார்த்து "சீல் போச்சு" என்று சொல்வது எளிது.

ஏசி போட்டு மணிக்கணக்கில் ஐடிலிங்கில் நிற்கும் டாக்ஸிகளில் இது இன்னும் சகஜம். பூஸ்டே இல்லாததால் வளையத்துக்குப் பின்னால் அழுத்தம் இருக்காது, எண்ணெய் கசிந்து தேங்கும், கிளம்பும்போது நீலமாக ஒரு மூட்டை வெளியேறும். அதன் பிறகு ஓடும்போது புகை இல்லை, 1,000 கிலோமீட்டர் எண்ணெய்க் கணக்கும் சரியாக இருக்கிறது என்றால் அந்த டர்போவைத் தொட வேண்டாம்.

இனி சோதனை. இன்ஜின் ஆறிய பிறகு செய்யுங்கள்.

ஏர் ஃபில்டரை எடுத்துப் பாருங்கள். அடைத்திருந்தால் மாற்றுங்கள். டர்போவுக்குள் போகும் குழாயைக் கழற்றி டார்ச் அடித்து கம்ப்ரசர் சக்கரத்தைப் பாருங்கள். இதழ் முனைகள் கூராக, முழுமையாக இருக்க வேண்டும். வளைந்திருந்தால், கடித்ததுபோல இருந்தால், சுற்றியுள்ள உறையில் உரசிய பளபளப்புக் கோடு இருந்தால் டர்போ போனது உறுதி. ஷாஃப்டை விரலால் பக்கவாட்டில் அசைத்தால் கொஞ்சம் ஆட்டம் தெரியும். எண்ணெய் இல்லாத நிலையில் அது இயல்பு, அதைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். உள்ளே வெளியே இழுத்துத் தள்ளும்போது விரலுக்கு ஆட்டம் தெரியவே கூடாது. அப்படித் தெரிந்தாலும், பக்கவாட்டில் அழுத்தும்போது இதழ் உறையில் தட்டினாலும் டர்போவை வேலைக்கு அனுப்ப வேண்டியதுதான்.

குழாயில் எண்ணெய் இருப்பதைப் பார்த்ததும் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். பிரீதர் குழாய் டர்போவின் வாய்க்கு முன்னாலேயே சேருவதால் மெல்லிய எண்ணெய்ப் படலம் எல்லா வண்டியிலும் இருக்கும். கேள்வி எங்கே ஈரம் தொடங்குகிறது என்பதுதான். பிரீதர் சேரும் இடத்திலிருந்தே ஈரமாக இருந்தால் எண்ணெய் பிரீதரிலிருந்து வருகிறது. டர்போவுக்குள் போகும் வாய் காய்ந்திருக்க, வெளியேறும் குழாய் மட்டும் சொட்டினால் கம்ப்ரசர் பக்க வளையம். டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் கீழ்க் குழாயைக் கழற்றி ஒரு டம்ளர் வையுங்கள். ஓரிரு ஸ்பூன் எண்ணெய் வந்தால் கவலை வேண்டாம். கால் லிட்டர் கொட்டினால் விஷயம் முற்றியிருக்கிறது.

இரண்டு குழாயும் ஓரளவு காய்ந்திருந்தும் புகை நீலமாகவே இருந்தால் சூடான பக்கத்தை, அதாவது புகை சுற்றிவிடும் டர்பைன் பக்கத்தைப் பாருங்கள். டர்போவிலிருந்து சைலன்சருக்குப் போகும் குழாயையும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் திறக்க வேண்டியிருக்கும். மேனிஃபோல்டின் நாலு வாயும் காய்ந்த கரியாக இருந்து, டர்பைனுக்குப் பிறகுதான் ஈரம் தொடங்கினால் டர்பைன் பக்கக் கசிவு. மேனிஃபோல்டின் வாய்களே ஈரமாக இருந்தால் எண்ணெய் சிலிண்டரிலிருந்து வருகிறது. எத்தனை டர்போ மாற்றினாலும் நிற்காது. ஒரே ஒரு வாய் மட்டும் ஈரம் என்றால் அந்த சிலிண்டரின் ரிங் அல்லது வால்வு கைடு. டர்போவா இன்ஜினா என்ற வாக்குவாதத்தை முடிக்க இதைவிட நல்ல சாட்சி கிடையாது. கழற்றுகிற மெக்கானிக்கிடம் "மேனிஃபோல்டு வாயைப் படம் எடுத்து அனுப்புங்க அண்ணே" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரும்பு வளையத்துக்குக் குற்றம் சாட்டும் முன் வடியும் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கரிக்கட்டி, நசுங்கல், முன்பு யாரோ தடவிய சிலிக்கான் பேஸ்ட் பிதுங்கி வாயைப் பாதி மூடியிருப்பது – இம்மூன்றும் அடிக்கடி கண்ணில் படும்.

பெட்ரோல் டர்போவில் ஒரு வித்தியாசம் உண்டு. அதில் த்ராட்டில் இருப்பதால் இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டதும் உள்ளே பலமான உறிஞ்சல் ஏற்படும். இறக்கம் முடிந்து மிதித்தவுடன் நீலமாக ஒரு வீச்சு வந்தால் வால்வு சீலையும் பிரீதர் பாதையிலுள்ள பிசிவி வால்வையும் முதலில் சந்தேகப்படுங்கள்.

படி 5: பேக் கம்ப்ரஷன் – ரிங்கா, டர்போவா?

ஐடிலிங்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதே வாயில் கவிழ்த்து வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. தூக்கி எறிந்தாலோ, குக்கர்போலப் புகை சீறினாலோ சம்ப்புக்குள் அழுத்தம் அதிகம்; இதைத்தான் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். இதைப் பார்த்ததும் "ரிங் போயிடுச்சு" என்பார்கள். அவசரம் வேண்டாம். டர்பைன் பக்க வளையம் தேய்ந்த டர்போவிலும் இதே காட்சிதான் தெரியும். எக்ஸாஸ்ட் வாயு ஷாஃப்ட் வழியாக நுழைந்து, எண்ணெய் வடியும் குழாயில் இறங்கி சம்ப்பை நிரப்பும். இந்தக் குழப்பத்தில் தேவையில்லாமல் இறக்கப்பட்ட இன்ஜின்கள் நிறைய.

பிரித்தறிய கம்ப்ரஷன் டெஸ்ட் வேண்டும். டீசலுக்கான 70 பார் கேஜ்தான் வேண்டும். பெட்ரோல் கேஜ் தாங்காது. இன்ஜினைச் சூடாக்கி, டீசல் போகாதபடி இன்ஜெக்டர் இணைப்புகளைக் கழற்றி, நாலு குளோ பிளக்கையும் எடுத்துவிட்டு ஒவ்வொரு சிலிண்டராக செல்ஃப் அடித்துப் பாருங்கள். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். குளோ பிளக் கழற்றும்போது வற்புறுத்தினால் முறிந்து ஹெட்டோடு நின்றுவிடும். முந்தைய நாளே துருநீக்கி தெளித்துவைத்து, இன்ஜின் சூட்டோடு கழற்றினால் தப்பிக்கலாம். 25 முதல் 30 பார் நல்ல நிலை. 20-க்குக் கீழே இறங்கினால் இன்ஜின் வேலை உண்டு. நாலுக்கும் இடையே 3 பாருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைந்த சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அடிக்கும்போது எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். அரை ஸ்பூனுக்கு மேல் விடாதீர்கள். டீசலில் பிஸ்டனுக்கு மேல் இருக்கும் இடம் மிகக் குறைவு. எண்ணெய் அதிகமானால் கனெக்டிங் ராடு வளையும்.

நாலும் 27, 28 என்று அழகாக நிற்க, மூடி மட்டும் எகிறுகிறது என்றால் டர்போவைப் பாருங்கள். அதற்கு முன் பிரீதர் பாதையில் இருக்கும் ஆயில் பிரிப்பானும் குழாயும் அடைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பிரீதர் எவ்வளவு எண்ணெய் தள்ளுகிறது என்பதை அளக்க ஒரு தற்காலிக வழி: பிரீதர் குழாயைக் காற்றுப் பாதையிலிருந்து கழற்றி, மூடியில் காற்றுத் துளையிட்ட இரண்டு லிட்டர் பாட்டிலுக்குள் விடுங்கள். பாட்டிலை எக்ஸாஸ்ட் சூடு படாத இடத்தில் கட்டுங்கள். காற்றுப் பாதையில் திறந்த துளையை மறக்காமல் அடையுங்கள், இல்லாவிட்டால் வடிகட்டாத தூசி நேராக டர்போவுக்குள் போகும். முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பாருங்கள். புகை நன்றாகக் குறைந்து, பாட்டிலில் எண்ணெய் தேங்கினால் டர்போ நிரபராதி.

படி 6: கறுப்புப் புகை

கறுப்புக்குப் பெரும்பாலும் காற்றுதான் காரணம். டீசல் பக்கம் கடைசியாகப் போகலாம்.

இன்டர்கூலர் ஹோஸ்கள் எண்ணெயில் ஊறி, வெயிலில் வெந்து, அடிப்பக்கம் வெடிக்கும். நிற்கும்போது வாய் மூடியிருக்கும், பூஸ்ட் ஏறும்போதுதான் திறக்கும். அதனால் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, கையால் பிசைந்து வளைத்துப் பாருங்கள். ஹோஸ்மேல் எண்ணெயும் தூசியும் சேர்ந்த கறுத்த தாரை தெரிந்தால் அதன் தொடக்கத்தில்தான் ஓட்டை. அழுத்தச் சோதனைக்கு ஏர் ஃபில்டர் பக்க வாயில் ஒரு அடைப்பை கிளாம்ப் போட்டு இறுக்கி, ரெகுலேட்டர் வழியாக 0.8 பார் காற்று கொடுங்கள். 1 பாரைத் தாண்டக் கூடாது, அடைப்புக்கு நேரே நிற்கக் கூடாது. பிரீதர் குழாயை முதலில் பிரித்து அடைத்துக்கொள்ளுங்கள். காற்று சம்ப்புக்குள் போனால் சீல்கள் பிதுங்கும். சோப்புத் தண்ணீர் தெளித்து நுரை கிளம்பும் இடத்தைப் பாருங்கள். திறந்திருக்கும் வால்வு வழியாகக் கொஞ்சம் காற்று போகத்தான் செய்யும், அதனால் கேஜ் முள் மெல்ல இறங்குவதை மட்டும் வைத்துக் குறை சொல்ல வேண்டாம்.

ஒழுகல் இல்லையென்றால் டர்போவின் கட்டுப்பாட்டைப் பாருங்கள். 75 குதிரைத்திறன் வகையில் வேஸ்ட் கேட் (கூடுதல் புகையை டர்பைனில் படாமல் திருப்பிவிடும் கதவு) திறந்தபடி துருப்பிடித்து நிற்கலாம். விஜிடி வகையில் வாக்குவம் பம்ப்பை, தகடுகளை அசைக்கும் ஆக்சுவேட்டரில் மாட்டி இழுத்தால் ராடு தடங்கலில்லாமல் கடைசி வரை நகர்ந்து, விட்டதும் திரும்ப வேண்டும். வாக்குவம் ஒரு நிமிடமாவது இறங்காமல் நிற்க வேண்டும். நடுவில் நின்று நின்று நகர்ந்தால் தகடுகளில் கரி. மெதுவாகவே ஓடும் வண்டிகளுக்கு இது வரும். வாரத்தில் ஒரு நாள் புறவழிச்சாலையில் அரை மணி நேரம் நன்றாக ஓடும் வண்டிக்கு அபூர்வம்.

இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கினால், பிக்கப் செத்து, கறுப்பாகக் கக்கும். கழற்றிக் கரியைச் சுரண்டி, சுத்தம் செய்து மாட்டலாம். சோதனைக்காகத் தகடு வைத்து அடைத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது சரி. அப்படியே நிரந்தரமாக விட்டுவிடுவது பல கடைகளில் நடக்கிறது. இன்ஜின் விளக்கு எரியும், நைட்ரஜன் ஆக்சைடு கூடும், சட்டத்துக்கும் புறம்பு.

இவ்வளவுக்கும் பிறகு புகை நின்றபாடில்லை என்றால் இன்ஜெக்டர். ஸ்கேனரில் ஐடிலிங்கில் நாலு சிலிண்டருக்கும் கணினி டீசலைக் கூட்டிக் குறைக்கும் திருத்த அளவுகளைப் பாருங்கள். மூன்று பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்க, ஒன்று மட்டும் 3-ஐத் தாண்டினால் அந்த இன்ஜெக்டரை டீசல் பம்ப் நாசில் கடையில் பெஞ்சில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ரிட்டர்ன் சோதனையையும் செய்யலாம்: நாலு ரிட்டர்ன் குழாயையும் நாலு ஒரே மாதிரி பாட்டிலில் விட்டு, ஐந்து நிமிடம் ஓட்டினால் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு நிறையக் கூடாது. ஆனால் நாசில் நுனி சொட்டுவதை இது காட்டாது. மாட்டும்போது செம்பு வாஷர் புதிதாக இருக்க வேண்டும். பழையதைத் தட்டிப் போட்டால் கேஸ் கசிந்து இன்ஜெக்டரைச் சுற்றித் தார்போல இறுகும். வேறு இன்ஜெக்டர் போட்டால் அதன் தலையிலுள்ள குறியீட்டை கணினியில் ஏற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

படி 7: வெள்ளை

கண் எரியும் வெள்ளைக்கு உடனே குளோ பிளக்கைச் சொல்வார்கள். மதுரை, சென்னை வெயிலில் காமன் ரெயில் இன்ஜின் குளோ பிளக் இல்லாமலே ஸ்டார்ட் ஆகும் என்பதால் சமவெளியில் அது குற்றவாளியாக இருப்பது குறைவு. மலையில்தான் கணக்கு மாறும். சமவெளியில் முதலில் டீசல் ஃபில்டரின் அடித்திருகைத் திறந்து கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். அடியில் தண்ணீர் பிரிந்து நின்றால் டேங்க்கைச் சுத்தம் செய்ய வேண்டும். அடுத்து சொட்டும் இன்ஜெக்டர், அதன் பிறகு குறைந்த கம்ப்ரஷன். டிபிஎஃப் வண்டியில் ரீஜெனரேஷன் நேரத்தில் சில நிமிடம் வெண்மையாக வருவது வேறு கதை, நின்றுவிட்டால் விட்டுவிடலாம்.

கூலன்ட் சந்தேகம் என்றால் முழுக்க ஆறிய இன்ஜினில் ரிசர்வாயரைக் குறித்துவைத்து மூன்று நாள் பாருங்கள். குறைகிறது, வெளியே ஒழுகல் இல்லை என்றால், மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்துக்குப் பம்ப் அடித்து இருபது நிமிடம் விட்டுப் பாருங்கள். ரிசர்வாயர் வாயில் வைக்கும் நீலத் திரவச் சோதனையில் நிறம் மாறினால் எரிந்த வாயு கூலன்டில் கலக்கிறது: ஹெட் கேஸ்கெட் அல்லது ஹெட் வெடிப்பு. நிறம் மாறவில்லை, இன்ஜின் சூடாவதும் இல்லை, ஆனாலும் கூலன்ட் குறைகிறது என்றால் ஹெட்டைத் திறக்கும் முன் இஜிஆர் கூலரைக் கழற்றித் தண்ணீரில் மூழ்கவைத்துக் காற்று கொடுத்துப் பாருங்கள். குமிழி வந்தால் ஹெட் வேலைச் செலவு மிச்சம்.

படி 8: டர்போதான் என்று உறுதியானால்

முழு டர்போ, அல்லது நடு கார்ட்ரிட்ஜ் மட்டும். கார்ட்ரிட்ஜ் போட்டால் அதிவேக பேலன்சிங் செய்த அறிக்கை கேளுங்கள். விஜிடி வகையில் தகடுகளின் நிலையை அளவுக் கருவியில் வைத்து அமைக்க வேண்டும், கண்மதிப்பில் ஆகாது.

எண்ணெய் வரும் குழாய் புதிதாக இருக்கட்டும். பழைய குழாயின் உள்ளே இறுகிய கரியை எந்தக் கெமிக்கலும் முழுதாக எடுக்காது. அந்தக் குழாயை இறுக்கும் பான்ஜோ போல்ட்டில் சின்ன வலை இருந்தால் அதையும் மாற்றுங்கள். கேஸ்கெட்டுக்குப் பதில் பேஸ்ட் தடவ அனுமதிக்காதீர்கள். பழைய டர்போவின் இதழ் உடைந்திருந்தால் இன்டர்கூலரைக் கழுவுவதோடு நிற்காமல் மாற்றிவிடுவதே நல்லது. ஒரு துகள் அலுமினியம் போதும். உடையாவிட்டாலும் தேங்கிய எண்ணெயைக் கழுவி, முழுக்க உலர்த்தி மாட்டுங்கள். புது எண்ணெய், புது ஃபில்டர் கட்டாயம். அடைத்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் பின்னழுத்தம் புது டர்போவையும் தின்னும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மாட்டும்போது எண்ணெய் வாயில் சுத்தமான ஆயில் ஊற்றி ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். டீசல் போகாதபடி செய்து, வடியும் குழாயைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் பிடித்து, பத்துப் பத்து நொடியாக செல்ஃப் அடிக்கவும். எண்ணெய் சீராக ஒழுகுவதைக் கண்ணால் பார்த்த பிறகே இணைக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஐந்து நிமிடம் ரேஸ் பண்ணாமல் ஐடிலிங்.

அன்றைக்கே புகை நின்றுவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். சைலன்சருக்குள் ஊறிய பழைய எண்ணெய் சூடேறி எரிந்து தீர நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரமாவது ஆகும், முதலில் புகை கூடவும் செய்யும். நல்ல டர்போவைத் திரும்பக் கழற்றும் தப்பு நடப்பது இந்த நேரத்தில்தான். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு பொல்யூஷன் சென்டரில் அளந்து பாருங்கள். பிஎஸ்3 வரையிலான டீசலுக்கு வரம்பு 65 எச்எஸ்யூ (புகையின் அடர்த்தி அளவு), பிஎஸ்4-க்கு 50. பழுதுக்கு முன்பும் ஒரு முறை அளந்திருந்தால் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். டிப் ஸ்டிக்கை முதல் வாரம் தினமும், பிறகு 1,000 கிலோமீட்டர் வரை வாரம் ஒரு முறை பார்த்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.